எஞ்சினுக்குள் எந்த டேப்?

அறிவியல் கழகத்தில் படிவம் 4 மாணவர் ஒருவர் தம் மாதிரி ரயில் எஞ்சினை என் மேசையில் வைத்தார். மாதக் கணக்கில் காசு சேர்த்து வாங்கிய டிகோடர் கருகிப்போயிருந்தது. திறந்து பார்த்தால், மோட்டார் முனையில் ஒட்டிய கறுப்பு டேப் பசை இளகி நழுவியிருந்தது.

டிகோடர் என்பது தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி மோட்டாருக்கு அனுப்பும் சிறு மின்சுற்றுப் பலகை. பல எஞ்சின்களில் உலோகச் சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்துடன் மின்தொடர்பில் இருக்கும். மோட்டார் முனை அந்தச் சட்டத்தைத் தொட்டால், தண்டவாள மின்சாரம் நேராக டிகோடரின் வெளியீட்டில் பாயும். கருக ஒரு நொடி போதும்.

கறுப்பு பி.வி.சி. டேப் மோசமான பொருளா? இல்லை. வீட்டுக் கம்பியில் அதை இழுத்துப் பல சுற்று சுற்றுகிறோம்; அது தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். எஞ்சினுக்குள் சிறு துண்டாக ஒட்டும்போதோ, இழுபட்ட டேப் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். மோட்டாரின் சூட்டில் பசையும் இளகும். அதன் தடிமன் ஏறக்குறைய 0.18 மி.மீ. என்பதால், 1:160 அளவு எஞ்சினில் இடமும் போதாது.

இங்கே ஏற்றது பாலிமைட் டேப். டியூபாண்ட் நிறுவனம் 1960களில் உருவாக்கிய 'கேப்டான்' இவ்வகைதான். தேன் நிறம், சிலிக்கோன் பசையோடு சேர்த்தும் சுமார் 0.06 மி.மீ. தடிமனே. ஏறக்குறைய 260 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அப்போலோ நிலவுக்கலத்தின் வெப்பப் போர்வையிலும் இப்பொருள் பயன்பட்டது.

மாதிரி ரயில்களின் மின்னழுத்தம் 12 முதல் 16 வோல்ட்தான்; அதை எந்த டேப்பும் தடுக்கும். எனவே வோல்ட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வெப்பம், தடிமன், பசை ஆகிய மூன்றையும் பாருங்கள்.

பாலிமைட்டுக்கும் குறை உண்டு. ஓரத்தில் சிறு கீறல் விழுந்தாலே கிழிந்துவிடும். ஆகவே, சட்டத்தின் கூரிய விளிம்பை முதலில் அரத்தால் தேய்த்துவிட்டு, இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். டிகோடர் முழுவதையும் சுற்றி மூடவேண்டாம். வெப்பம் வெளியேற வழியிருக்காது. கம்பி இணைப்புகளுக்கு, சூடாக்கினால் சுருங்கும் குழாயே சிறந்தது.

கடைசியாக, டிகோடரைப் பொருத்துமுன் மல்டிமீட்டரால் மோட்டாரின் இரு முனைகளையும் சட்டத்தோடும் சக்கரங்களோடும் வைத்துச் சோதியுங்கள். எங்கும் தொடர்பு காட்டக்கூடாது. அந்த மாணவர் இப்போது இந்தச் சோதனையை முடித்துவிட்டார். அடுத்த டிகோடருக்கு மறுபடியும் உண்டியலில் காசு சேர்க்கிறார்.