வேட்டைக்காரருக்காகப் பிறந்த சிறிய மோட்டார் சைக்கிள்

"இந்த வயசில காட்டு றோட்டில மோட்டார் சைக்கிளோ? விழுந்தால் ஆர் வந்து தூக்கிறது?"

பின்னேரம் வயல் காவலுக்குப் புறப்படும்போதெல்லாம் மனைவி கேட்கும் கேள்வி இது. எனக்கு இப்போது 64 வயது. 2009இல் செல் துண்டு பட்ட இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. முழங்காலும் முன்போல் இல்லை. வயலுக்கு ஏழு கிலோமீற்றர் போக வேண்டும். அதில் நாலு கிலோமீற்றர் காட்டுப் பாதை. மாரியில் சேறு, கோடையில் புழுதி மணல். சைக்கிள் மிதிக்க உடம்பு விடாது. பெரிய மோட்டார் சைக்கிளின் கிளச்சைப் பிடிக்கக் கை விடாது. எனக்குக் கைகொடுப்பது ஒரு பழைய எம்.டி. 90 தான். என்னைப் போன்றவர்கள் வன்னியில் பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த வண்டியின் குடும்பக் கதை 1958இல் ஜப்பானில் ஹொண்டா வெளியிட்ட சுப்பர் கப் வண்டியோடு தொடங்குகிறது. 1960 அளவில் அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில், பொய்சி நகரத்து விற்பனையாளர் ஒருவர் அதன் பின் பல்லுச்சில்லைப் பெரிதாக்கி, கட்டைப் பல்லு ரயர் போட்டு விற்றார். மலைக்காட்டில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் போகிறவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அதைக் கவனித்த ஹொண்டா 1961இல் அதே வகையில் ட்ரெயில் 50 என்ற வண்டியைத் தானே செய்தது. பின்னர் சி.டி. 90, சி.டி. 110 என்பவை வந்தன. ஜப்பானில் 1981இல் வந்த சி.டி. 110 வண்டியை 'ஹன்ரர் கப்' என்றே அழைத்தார்கள். 2020இல் வந்த சி.டி. 125 வண்டியும் அங்கே அதே பெயரில் விற்பனையாகிறது.

எங்களிடம் வந்த எம்.டி. 90 ஜப்பானியத் தபால்காரருக்காகச் செய்யப்பட்டது. ஆனால் அதுவும் அந்தக் கப் குடும்பத்துப் பிள்ளைதான். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருமையானபோது, சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். நோயாளியையும் நெல் மூட்டையையும் ஏற்றி இறக்கியவை இந்தச் சிறிய வண்டிகள்தான்.

வயதானவருக்கு இது ஏன் பொருந்துகிறது? முதற்காரணம் கிளச். இதற்குக் கைப்பிடிக் கிளச் இல்லை. எஞ்சின் வேகம் கூடும்போது உள்ளே இருக்கும் எடைகள் வெளிப்பக்கமாக விரிந்து தட்டுகளை அழுத்தும், வண்டி நகரும். வேகம் குறைந்தால் அழுத்தம் தானாக விடுபடும். கியர் மிதியைக் காலால் அமர்த்தும்போதும் கிளச் விடுபடும். இடது கை இயலாதவர்கள் இதனால்தான் இதை ஓட்ட முடிகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இறக்கத்தில் கியர் மிதியை அமர்த்தியபடி வராதீர்கள். கிளச் விடுபட்டு, எஞ்சினின் பிடி இல்லாமல் வண்டி உருளும்.

இரண்டாவது, உயரமும் பாரமும். இருக்கையில் இருந்தபடி இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும். சேற்றில் எங்களைக் காப்பாற்றுவது அந்தப் பாதங்கள்தான். வண்டி விழுந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, கைப்பிடியையும் இருக்கையையும் பிடித்துக் காலால் எழும்புங்கள். நாரியால் தூக்க வேண்டாம். முழங்கால் இயலாதவர்கள் துணையில்லாமல் போகவே கூடாது.

மூன்றாவது, இழுவை. முன் பல்லுச்சில்லில் 14 பல்லும் பின்னால் 42 பல்லும் இருந்தால் விகிதம் மூன்று. பின்னால் 56 ஆக்கினால் விகிதம் நாலு. அப்போது இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடும். வேகம் நாலில் ஒரு பங்கு குறையும். பொய்சியில் செய்த வேலை இவ்வளவுதான். எம்.டி. 90இன் மூடிய செயின் பெட்டிக்குள் அவ்வளவு பெரிய பல்லுச்சில்லு அடங்காது. ஆனால் முன்னால் ஒரு பல்லைக் குறைத்தாலே மணலில் வித்தியாசம் தெரியும். ரயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அது அகன்று மணலில் நன்றாகப் பிடிக்கும். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் ரியூப் சுழன்று வால்வு அறுந்துவிடும்.

இனி வேட்டை. இளமையில் நாய்களோடு காடேறியவர்களில் நானும் ஒருவன். இன்று மானும் மரையும் உடும்பும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் நான் வேட்டையை விட்டது சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல. மீள்குடியேறிய அடுத்த வருடம், உடும்பைத் துரத்திப் பற்றைக்குள் இறங்கிய என் சினேகிதன் மிதிவெடியில் இடது காலை இழந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் காலடித் தடத்திலேயே திரும்பி வந்தேன். அந்த நூறு யார் தூரம் இன்னும் கனவில் வரும்.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. கண்ணிவெடி அகற்றுவோர் பெரும் பரப்பைச் சுத்தமாக்கித் தந்திருக்கிறார்கள். ஆனாலும் அமெரிக்க வேட்டைக்காரருக்கு இந்த வண்டி தந்த சுதந்திரம், அதாவது பாதையை விட்டு விரும்பிய பக்கம் திரும்புவது, எங்களுக்கு இல்லை. நாளாந்தம் ஆட்கள் போய்வரும் சில்லுத் தடத்தை விட்டு விலகாதீர்கள். குறுக்கு வழி தேடாதீர்கள். வெள்ளம் வடிந்த பின் பழகிய பாதையையும் பார்த்துப் போங்கள். தண்ணீர் வெடியை இடம் மாற்றும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் வைக்கும் தம்பிமாருக்கும் ஒரு சொல்: அவை பன்றி எது, மனிதன் எது என்று பார்ப்பதில்லை.

யானை நடமாடும் இடங்களில் பொழுது படமுன் போய்ச் சேர வேண்டும். வளைவுகளில் எஞ்சினை நிறுத்திக் காது கொடுங்கள். முறியும் கிளையின் சத்தம் வண்டி இரைச்சலில் கேட்காது. ஹெல்மெற்றையும் மருந்தையும் வெளிச்சத்தையும் மறக்காதீர்கள். எந்தப் பாதையால் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

என் சினேகிதன் இப்போது பொய்க்காலோடு என் பின்னால் இருந்து காவலுக்கு வருகிறான். போன மாரியில் வாய்க்கால் ஓரம் வழுக்கி இருவரும் விழுந்தோம். அவன் ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் பிடிக்க, வண்டி எழும்பியது. மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டுப் பொதி இரண்டு இருந்தது.