போட்டி வந்தாச்சு, பாட்டு வாத்தியார் வரலை!
தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை எட்டாக் கனியா?

பர்கூர்—

பர்கூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது ஜவுளிக் கடை. அடுத்தது கிரானைட். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் ராத்திரி பகலாக லாரி ஓடும் ஊர் இது.

இந்த ஊரில் கடையிலும் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது யார்?

சட்டப்படி பார்த்தால், அதற்கென்று யாரும் இல்லை!

சட்டத்தில் ஓட்டை

2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எந்தப் பள்ளிக்கு எத்தனை வாத்தியார் என்று கணக்குப் போட்டிருக்கிறது. 1 முதல் 5 வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் 2 ஆசிரியர். தமிழ், கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் அந்த இரண்டு பேர் தலையில்தான்.

கலைப் பாடத்துக்குப் பகுதி நேர ஆசிரியர் உண்டு. ஆனால் 6 முதல் 8 வகுப்புக்குத்தான். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான்!

அந்தக் கணக்குப்படிதான் 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தது. தொடக்கச் சம்பளம் மாசம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. உடற்கல்வி, ஓவியம், தையல், கம்ப்யூட்டர் என்று பல பாடங்கள். அதில் இசையும் ஒன்று.

2017-ல் சிறப்பாசிரியர் வேலைக்குத் தேர்வு நடந்தது. மொத்தம் 1,325 இடங்கள். இசைக்கு ஒதுக்கியது 86 மட்டும்!

12 வயது வரை காத்திரு!

கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். ஆனால் 12 வயது ஆக வேண்டும்.

ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 வயதிலேயே சேர்க்கிறார்கள். அவை நடப்பது லீவு நாட்களில், பெரும்பாலும் மாவட்டத் தலைநகரங்களில். கிரானைட் பட்டறையில் ஆறு நாள் உழைத்த அப்பா, ஏழாவது நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாரா?

ஆக, 5 வயது முதல் 10 வயது வரை நடுவில் ஒரு பள்ளம். கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் வயது அதுதான்.

இதற்கிடையே பள்ளிகளில் கலைத் திருவிழா வந்தது. 2022-23-ல் 6 முதல் 12 வகுப்பு வரை நடந்தது. 2024-25-ல் 1 முதல் 5 வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மேடை ஏறச் சொன்னவர்கள், பழக்கிவிட ஆள் கொடுக்க வேண்டாமா?

பாட்டு வீண் வேலையா?

"பாட்டுப் பாடினா சோறு கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை.

கர்நாடகாவும் ஆந்திராவும் தொட்டு நிற்கும் மாவட்டம் இது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை என்று ஒரே பெஞ்சில் உட்காரும். தனியாக எழுந்து தமிழ் பேசக் கூச்சப்படும் பிள்ளை, கூட்டத்தோடு பாடும்போது கூச்சப்படாது. வார்த்தை தானாக நாக்கில் உட்காரும். பாட்டும் படிப்புதான்!

ஆர்மோனியம் வேண்டாம்

வாத்தியம் வாங்கக் காசு இல்லை என்ற சாக்கும் செல்லாது. ஹங்கேரி நாட்டு இசை மேதை கோடாய், பிள்ளைக்கு முதல் வாத்தியம் அதன் தொண்டைதான் என்றார். அவர் வழியில் 1950-ல் கெச்கெமெட் நகரில் பாட்டுக்கு முதலிடம் கொடுக்கும் தொடக்கப் பள்ளி தொடங்கியது. இன்று அவர் முறை பல நாடுகளில் நடக்கிறது.

நம் முறையும் லேசுப்பட்டதல்ல. ஆதி தாளத்தைப் பாருங்கள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. மொத்தம் 8. விரல் விட்டு எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு இது விளையாட்டு!

வகுப்பு டீச்சரே தினமும் பத்து நிமிஷம் செய்யலாம். ஒரு வரி டீச்சர் பாட வேண்டும், பிள்ளைகள் திருப்பிப் பாட வேண்டும். இரண்டே விஷயம் கவனிக்கணும். பெரியவர்களின் தாழ்ந்த சுருதிக்குப் பிள்ளைகளை இழுக்கக் கூடாது. அவர்களுக்கு வசதியான உயரத்தில் ஆரம்பிக்கணும். இன்னொன்று, "சத்தமா பாடு" என்று விரட்டக் கூடாது. கத்தினால் தொண்டைதான் கெடும்.

என்ன செய்யலாம்?

எல்லாப் பள்ளிக்கும் ஓர் ஆள் போடப் பணமில்லை என்று அரசு சொல்லலாம். சரி, குறுவள மையத்துக்கு ஒருவரைப் போடட்டுமே! நாளுக்கு ஒரு பள்ளி என்று சுற்றி வரட்டும். மற்ற நாட்களில் டீச்சர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. அரசு இசைப் பள்ளியில் மூன்று வருஷம் படித்த இளைஞர்கள் வருஷா வருஷம் வெளியே வருகிறார்கள். ஒரு பக்கம் வேலை தேடும் பாட்டுக்காரர். இன்னொரு பக்கம் பாட்டுக்கு ஏங்கும் பிள்ளை. இரண்டையும் சேர்த்துவைக்க ஓர் உத்தரவு போதும்.

கல்வித் துறை காது கொடுக்குமா?