ஓநாய் வந்த வழி

ஆசியாவில் ஓநாய் உண்டு. கடலுக்கு அப்பால் வட அமெரிக்காவிலும் உண்டு. அங்கே அது எப்படிப் போனது?

நடந்தே போனது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகில் கடுங்குளிர். நிறைய நீர் பனிக்கட்டியாக உறைந்தது. கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தது. சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே தரை தெரிந்தது. பிறகு பனி உருகியது. தரை மூழ்கியது.

ஓநாய்களின் உறவு நமக்கு எப்படித் தெரியும்? மரபணு சொல்கிறது.

பேரனுக்குத் தாத்தாவின் சாயல் வருகிறது அல்லவா? அதற்குக் காரணம் மரபணு. அது உடம்புக்குள் இருக்கும் கடிதம் போன்றது. அதில் நான்கே எழுத்துகள். தலைமுறைதோறும் அது படி எடுக்கப்படுகிறது. அப்போது சில எழுத்துகள் மாறும். மாற்றம் பிள்ளைகளுக்கும் போகும். இரண்டு ஓநாய்களில் ஒரே மாற்றங்கள் நிறைய இருந்தால், அவை நெருங்கிய சொந்தம். குறைவாக இருந்தால், பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

பழைய எலும்பிலும் மரபணு இருக்கும். 2022-இல் 72 பழங்கால ஓநாய்களின் மரபணுவை ஆராய்ந்தார்கள். அவை ஐரோப்பா, சைபீரியா, வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒரே காலத்தில் வாழ்ந்தவை, தூரத்தில் இருந்தாலும் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது.

நம் நாட்டு ஓநாய்? அது மிகப் பழைய கிளை என்று 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது. மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான் மேய்ச்சல் நிலங்களில் அது வாழ்கிறது. அந்த நிலம் சுருங்கி வருகிறது. ஓநாய் ஆட்டைப் பிடிக்கும் என்பது உண்மை. இரவில் ஆடுகளைப் பட்டியில் அடையுங்கள். ஓநாயைக் கொல்லாதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அந்தப் பழைய கடிதம் அழிந்தால், மீண்டும் எழுத முடியாது.