கையெழுத்துப் போடும் முன் உட்கார்ந்து பாருங்கள்

அந்த முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடை, மைக், முன்வரிசைச் சோபா எல்லாம் இருந்தன. வாழைமரம் கட்டாததுதான் குறை. பெயர் கூப்பிட்டதும் 9 வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா மேடையேறினார். பாலித்தீன் உறை பிரிக்காத சக்கர நாற்காலி. போட்டோ எடுத்தார்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். கீழே இறங்கி வந்த பிறகுதான் கவனித்தேன். அது பெரியவர்களுக்கான 18 அங்குல இருக்கை. பிள்ளைக்கு இருபக்கமும் இடம் மிச்சம். கால் மிதிப்பலகையை எட்டவில்லை, கை சக்கரத்தின் வளையத்தை எட்டவில்லை. அம்மா பையிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்து, இரண்டாக மடித்து இடுப்பின் இருபுறமும் சொருகினார்.

"வேற அளவு கேட்டுப் பாத்தீங்களாக்கா?" என்றேன்.

"இனாமா குடுக்கிறாங்க. அதுல போய் என்னத்தங்க கேக்கிறது?"

அந்த 'இனாம்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உதவி உபகரணங்களைக் கட்டணமின்றி அரசு தர வேண்டும் என்கிறது. வெறும் உபகரணம் என்று சட்டம் சொல்லவில்லை. 'பொருத்தமான' உபகரணம் என்கிறது. சேலை சொருகி உட்கார வேண்டிய நாற்காலி அந்தச் சொல்லுக்குள் வராது. பெரியவர்களுக்கு 24ஆம் பிரிவு இருக்கிறது: அரசு அறிவிக்கும் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு உபகரணங்கள் இலவசம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கேட்கும் குரலில் தயக்கம் குறையும். மத்திய அரசின் ஏடிஐபி திட்டம் 1981 முதல் நடக்கிறது. 40 சதவீதச் சான்று வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய் வரை என்றால் முழு விலையும் அரசுடையது. அதற்கு மேல் 30,000 வரை என்றால் பாதி விலை. வருமானமில்லாதவருக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். முகாம்களில் வரும் மூன்று சக்கர வண்டியும் காதுக் கருவியும் பெரும்பாலும் கான்பூரில் உள்ள அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனத்தின் தயாரிப்பு. தமிழக அரசு தனியாகவும் தருகிறது: இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர், ஜாய்ஸ்டிக் வைத்த பேட்டரி நாற்காலி, நவீன செயற்கைக் கால், பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் ஸ்மார்ட்போன். இதற்கெல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரைப் பார்த்தால் போதும். சான்று இல்லாத முதியவர்களுக்கு, அதாவது வயதால் காது மந்தமானவர்களுக்கும் கோல் இல்லாமல் நடக்க முடியாதவர்களுக்கும், 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா இருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்ட ஏழைகளுக்கானது. பல் செட்கூட அதில் கிடைக்கும்.

முகாமுக்குப் போகிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விதி இது. ஏடிஐபியில் ஒரு முறை உபகரணம் வாங்கினால் அதே தேவைக்கு மறுபடி 3 ஆண்டுகள் கழித்துத்தான் கேட்க முடியும். 12 வயதுக்குக் கீழ் என்றால் ஓராண்டு. பொருந்தாத நாற்காலிக்குக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே இந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் மேடையில் எவ்வளவு பேர் காத்திருந்தாலும், போட்டோக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும், உட்கார்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன்.

எதைப் பார்ப்பது? நாற்காலி என்றால் இருக்கையின் அகலம் இடுப்பு அகலத்தைவிட ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் கூட இருக்கலாம். பாதம் இரண்டும் மிதிப்பலகையில் முழுதாகப் படிய வேண்டும். தோளைத் தூக்காமல் சக்கரத்தைத் தள்ள வர வேண்டும். இவை சொகுசுக்காகக் கேட்பவை அல்ல. ஒருபக்கமாகச் சாய்ந்தே உட்காரும் பிள்ளைக்கு முதுகு வளையும். தொடையில் உணர்வில்லாதவருக்கு, அவருக்கே தெரியாமல் அழுத்தப் புண் வந்து, எலும்பு வரை போகும்.

காதுக் கருவியின் கதை இன்னும் மோசம். எத்தனையோ வீடுகளில் அது டப்பாவோடு பீரோவில் கிடக்கிறது. கேட்டால் "கீச்சு கீச்சுன்னு கத்துதுங்க" என்பார்கள். கருவியில் பெரும்பாலும் பழுது இருக்காது. காதில் செருகும் அச்சு பொருந்தாமல் ஒலி வெளியே கசிந்து மீண்டும் கருவிக்குள் போவதால் வரும் சத்தம் அது. வளரும் பிள்ளைக்குக் காது மடலும் துளையும் வளரும். அச்சை அவ்வப்போது மாற்ற வேண்டும். யார் காதுக்கு எவ்வளவு ஒலி என்று ஆடியாலஜிஸ்ட் அளந்து கருவியில் ஏற்ற வேண்டும். இரண்டும் செய்யாமல் கையில் திணித்தால் அது வெறும் பிளாஸ்டிக். கருவி கொடுக்கும் நிறுவனம் பொருத்தித் தருவதற்கும், பின்னால் சரி செய்து தருவதற்கும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது ஏடிஐபியின் நிபந்தனை. ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: ரிப்பேர் என்றால் யாரிடம் வருவது? பேட்டரி எங்கே கிடைக்கும்? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

புரோக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "ஸ்கூட்டர் லிஸ்ட்ல பேர் சேத்துர்றேன், 5,000 ஆகும்" என்பவர் எந்த ஊரிலும் அலுவலக வாசல் டீக்கடையில் இருப்பார். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பட்டியலில் சேர்க்கவும் இல்லை. அடையாள அட்டையைப் புதுப்பிக்கிறேன் என்று போனில் ஓடிபி கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சதவீதத்தைக் கூட்டிப் போட்ட சான்று வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், மாட்டப்போவது அவரல்ல, நீங்கள். பொய்யாகச் சலுகை பெற்றால் 91ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களுக்கு நியாயமாக வர வேண்டிய சதவீதம் குறைந்துவிட்டது என்றால் குறுக்கு வழி தேவையில்லை. 59ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொரு பிரிவைக் காவல் நிலையங்களிலேயே பலர் அறிய மாட்டார்கள். மாற்றுத்திறனாளியின் உதவிக் கருவியை வேண்டுமென்றே சேதப்படுத்துவது, அவர் அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, இரண்டும் 92ஆம் பிரிவில் குற்றம். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. பக்கத்து வீட்டுத் தகராறில் மூன்று சக்கர வண்டியின் ரிம்மை மிதித்து வளைத்தவருக்கும் இது பொருந்தும். விளையாட்டுக்கு என்று சொல்லிப் பார்வையற்றவரின் கோலை ஒளித்து வைப்பவருக்கும்தான்.

சரி, அலுவலகம் இழுத்தடிக்கிறது, என்ன செய்வது? வாய்வார்த்தையில் எதையும் விடாதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணுள்ள ரசீதை வாங்கி வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்விகள் போதும்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் பதிவானது, முன்னுரிமைப் பட்டியலில் எத்தனையாவது இடம், இந்த ஆண்டு எத்தனை பேருக்கு வழங்கினீர்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பல நேரம் பதிலுக்கு முன்பே பொருள் வந்துவிடும். அது ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு மேல், சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் ஒரு பரிந்துரை அனுப்பினால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று சம்பந்தப்பட்ட துறை 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடிதம் எழுத ஆளில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம். வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.

அந்த அம்மாவும் நானும் அன்று மாலை மண்டபத்தில் ஆள் குறைந்த பிறகு திரும்பிப் போய்ப் பதிவேட்டுக்காரரிடம் பேசினோம். "சின்ன சைஸ் இருக்குங்க, கேட்டிருந்தா அப்பவே மாத்திக் கொடுத்திருப்போமே" என்றார் அவர். நாற்காலி மூன்று வாரத்தில் மாறியது. அடுத்த முகாமுக்குக் கிளம்பும்போது அடையாள அட்டை, ஆதார், வருமானச் சான்று இவற்றோடு தையல்காரரின் இன்ச் டேப் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.