திரைமேல் தீட்டும் சித்திரம்

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை, நடனம், நாடகம் ஆகியவற்றோடு கட்புலக் கலையும் கற்பிக்கப்படுவதை வாசகர் அறிவர். சித்திரம் பயில்வோர் தூரிகையோடு கணினியையும் கையாளும் காலம் இது. அக்கலையில் நாட்டமுள்ள மகளைப் பெற்ற தாயொருவர் அண்மையில் எம்மிடம் வந்தார். “பிள்ளை படம் கீறுகிற திரையொன்று கேட்கிறாள், சேர். இந்தக் காப்பை அடகு வைத்தாவது வாங்கிக் கொடுக்கவோ?” என வினவினார்.

விடை கூறுமுன் அப்பொருள் யாதென அறிதல் வேண்டும். கணினியில் ஓவியம் வரையும் பலகைகள் இருவகைப்படும். ஒன்று திரையற்றது: கை பலகைமீது வரைய, கோடு எதிரேயுள்ள கணினித் திரையில் தோன்றும். மற்றையது பேனாத் திரை: பேனா தொட்ட இடத்திலேயே கோடு பிறக்கும். இரண்டுமே பழைய எண்ணங்கள்தாம். 1963இல் ஐவன் சதர்லண்ட் என்பார் அமெரிக்காவில் ஒளிப்பேனாவினால் திரைமீதே வரைந்து காட்டினார். மறு ஆண்டில் அந்நாட்டு ராண்ட் நிறுவனம் திரையற்ற பலகையை வெளியிட்டது. ஜப்பானிய நிறுவனமான வேகம் 2001இல் ‘சின்டிக்’ என்னும் பேனாத் திரையைக் கொணர்ந்தது. இன்று சீன நிறுவனங்கள் பல இவற்றை அதனினும் மலிவாகச் செய்கின்றன.

பேனாத் திரையின் சிறப்பு வெளிப்படை. தாளில் வரைவது போலவே கண்ணும் கையும் ஓரிடத்தில் கூடுகின்றன. நுண்ணிய கோடுகளை இழுப்பதும், முன் வரைந்த கோட்டின்மேல் மீண்டும் வரைவதும் எளிதாகின்றன. பெரும்பாலான பேனாக்களுக்கு மின்கலமும் வேண்டுவதில்லை. திரையின் அடியிலுள்ள கம்பி வலை எழுப்பும் மின்காந்தப் புலமே அவற்றை இயக்குகின்றது. அழுத்தினால் தடித்தும், மெல்லத் தொட்டால் மெலிந்தும் கோடு விழும். அவ்வழுத்தத்தை 8192 படிகளாகப் பிரித்தறியும் கருவிகள் இன்று பல உள.

குறைகளும் இல்லாமலில்லை. முதலாவது விலை, திரையற்ற பலகையினும் இது பன்மடங்கு. அவ்வளவு கொடுத்தும், இவற்றுட் பெரும்பாலானவை கணினியின்றி இயங்கா. குனிந்தே வரைவதால் கழுத்தும் முதுகும் நோகும். வரையும் கையே படத்தை மறைக்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி மிகுந்த கருவிகளில், பேனா முனையும் கோடும் சற்றே விலகித் தோன்றும். நெடுநேரம் இயங்கினால் திரை சூடேறும்.

எமது ஊருக்கே உரிய இடர்களும் உண்டு. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் சூழ்ந்த கல்லடியில் வீசும் உப்புக்காற்று மின்கருவிகளுக்கு நண்பனன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. பேனாத் திரைகள் பலவற்றுக்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். திரையற்ற பலகையோ மடிக்கணினியின் மின்கலத்திலிருந்தே தனக்கு வேண்டிய சிறிதளவு மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ளும்.

இவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தோம். பொருளில்லை என்பதற்காகப் பிள்ளையின் ஆர்வத்தை முளையிலே கிள்ளுதல் தகாது. ஆர்வத்துக்காகக் குடும்பத்தின் கடைசி நகையை அடகுக்கடையில் வைப்பதும் தகாது. ஆகவே, “முதலில் திரையற்ற பலகை போதும், அம்மா. வரைந்து உழைக்கத் தொடங்கியபின் பிள்ளையே மற்றையதை வாங்கட்டும்” என்றோம். மகளின் முகம் வாடியதைக் கண்டு எமது மனமும் நொந்தது.

முதல் வாரம் கை ஓரிடமும் கண் ஓரிடமுமாகக் கோடுகள் தடுமாறின, பிள்ளை அழுதாளாம். இரண்டு திங்கள் கழித்துப் படமொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பழைய கல்லடிப் பாலமும், அதன் கீழே தோணியில் நின்று வலை வீசும் முதியவரும் அதிலே உயிர்பெற்றிருந்தனர். உடன்வந்த தாயின் கையில் காப்பு இருந்தது.

நாள்முழுதும் வரைந்து ஊதியம் பெறும் ஓவியருக்குப் பேனாத் திரை செலவன்று, முதலீடு. கற்கும் பிள்ளைக்கோ பயிற்சியே முதல். திரை கோட்டைக் காட்டும். கோட்டைப் போடுவது கையன்றோ? பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்து முடிவு செய்வாராக.