வீட்டில் இருங்கள் என்றால், வீடில்லாதவர் எங்கே இருப்பது?

2020 மார்ச் 23ஆம் திகதி இரவு பிரித்தானியப் பிரதமர் பொறிஸ் ஜோன்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மக்கள் யாவரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என அறிவித்தார். கொவிட்-19 நோய் அப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. கையைக் கழுவுங்கள், ஆளுக்கு ஆள் தள்ளி நில்லுங்கள், வருத்தம் வந்தால் தனி அறையில் இருங்கள் என்பனவே அன்றைய அறிவுரைகள். மூன்றுக்கும் வீடொன்று வேண்டும். கடை வாசலில் படுப்பவர் எந்தக் குழாயில் கை கழுவுவார்? எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார்?

இங்கிலாந்து செல்வம் படைத்த நாடு. ஆயினும் 2019 இலையுதிர் காலத்தில் எடுக்கப்பட்ட ஓரிரவுக் கணக்கின்படி அங்கு 4,266 பேர் தெருவில் உறங்கினர். இது வெளியே படுத்தவர்களின் தொகை மட்டுமே. சிநேகிதர் வீட்டிலும் இனத்தவர் வீட்டிலும் ஒண்டிக்கொண்டு நாளைக் கடத்துவோர் இதில் அடங்கார். இனத்தவர் வீட்டு விறாந்தையில் மாதக்கணக்காகப் பாயை விரித்த அனுபவம் எமது வாசகர்கள் பலருக்கு உண்டு. அப்படி இருப்பவர்களை இவ்வாறான கணக்குகளில் காண்பது அரிது.

அந்த நாட்டில் வீடில்லாதோருக்கு உதவி வந்தவர்களுள் தேவாலயங்களும் இருந்தன. ஒரு நகரத்தில் ஏழு ஆலயங்கள் ஒன்றுகூடும். கிழமையில் ஓர் இரவு ஓர் ஆலயம் தன் மண்டபத்தைத் திறந்துவிடும். பங்கு மக்கள் சமைத்துக் கொடுப்பர். நிலத்தில் மெத்தைகளை வரிசையாக விரித்துப் படுத்துவிட்டு, காலையில் எழும்பி மறுநாள் அடுத்த மண்டபத்துக்குப் போவார்கள். குளிர்காலத்தில் எத்தனையோ உயிர்களைக் காத்த நல்ல பணி இது. ஆனால் காற்றில் பரவும் நோய் வந்தபோது அந்த மண்டபமே ஆபத்தான இடமாயிற்று. ஒரே கூரையின் கீழ், யன்னல்களைப் பூட்டிக்கொண்டு, இருபது முப்பது பேர் பக்கத்தில் பக்கத்தில் மூச்சு விடுகின்றனர். மலசலகூடமோ ஒன்று அல்லது இரண்டு. 2020 மார்ச்சில் அந்த மண்டபங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அந்த அச்சம் வீணானதல்ல என்பதை அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கண்டார்கள். 2020 ஏப்ரல் ஆரம்பத்தில் அங்குள்ள பெரிய தங்குமிடம் ஒன்றில் 408 பேரைப் பரிசோதித்தபோது 147 பேருக்குத் தொற்று இருந்தது. மூவரில் ஒருவருக்கு மேல். அதைவிட அதிர்ச்சியான விடயம், தொற்றியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரையில் காய்ச்சலோ இருமலோ எதுவுமின்றி இருந்தமையாகும். வாசலில் நின்று நெற்றியில் காய்ச்சல் பார்த்து உள்ளே விடும் முறை பெரிதாகப் பயன்படவில்லை. நோயாளி யார் என்று கண்டுபிடித்துப் பிரிப்பதற்கு முன்பே நோய் மண்டபம் முழுவதும் சுற்றிவிடும். ஆகவே முதலிலேயே எல்லோரையும் பிரித்து வைக்க வேண்டும். அதற்கு அறைகள் வேண்டும்.

அறைகள் எங்கிருந்து வந்தன? உல்லாசப் பயணிகள் வராமையால் ஹோட்டல்கள் வெறுமையாகக் கிடந்தன. லண்டன் மாநகர நிருவாகம் மார்ச் மூன்றாம் கிழமையிலேயே இரண்டு ஹோட்டல்களில் 300 அறைகளை ஒழுங்கு செய்தது. மார்ச் 26ஆம் திகதி, வீடில்லாதோர் விடயங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் லூக் ஹோல் எல்லா உள்ளூராட்சி மன்றங்களுக்கும் கடிதம் எழுதினார். தெருவில் இருப்போரையும், தனித்திருக்க முடியாத தங்குமிடங்களில் இருப்போரையும் உடனே உள்ளே எடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். லூயிஸ் கேசி அம்மையார் இந்த வேலையை முன்நின்று நடத்தினார். ‘எல்லோரும் உள்ளே’ என்பது திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. மே மாதமளவில் 14,000க்கு மேற்பட்டோர் அவசர அறைகளில் இருந்தனர். 2021 ஜனவரி வரையில் உதவி பெற்றோர் தொகை 37,000ஐத் தாண்டியது. அவர்களில் 26,000க்கு மேற்பட்டோர் அதற்குள் நிலையான இருப்பிடங்களுக்கு மாறியிருந்தார்கள்.

ஆண்டாண்டு காலமாக முடியாது என்று சொல்லப்பட்ட காரியம் சில நாட்களில் நடந்தது. பணமும் இருந்தது, அறையும் இருந்தது. முன்பு இல்லாதிருந்தது அவசரம் மட்டும்தான் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆளை அறைக்குள் விட்டுச் சாவியைக் கொடுப்பதோடு வேலை முடியவில்லை. லண்டனில் ஆட்களை முதலிலேயே வகைப்படுத்தினர். நோய்க்குறி உள்ளவர்களுக்கு மருத்துவர், தாதியர் உள்ள ஒரு ஹோட்டல். முதுமையாலும் வேறு வருத்தங்களாலும் ஆபத்து அதிகமுள்ளோருக்கு வேறு ஹோட்டல்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினரும் இதில் கைகொடுத்தனர். லண்டனில் ஏற்கெனவே ஒரு நடமாடும் காசநோய்ப் பிரிவு இருந்தது. எக்ஸ்ரே கருவி பூட்டிய வாகனத்தோடு தங்குமிடம் தங்குமிடமாகச் சென்று நோயாளரைத் தேடிப்பிடிப்பது அவர்களது தொழில். தெருவில் வாழ்வோரின் முகம் அறிந்தவர்கள், நம்பிக்கை பெற்றவர்கள். அவர்களே கொவிட் பரிசோதனைக்கும் இறங்கினர். புதிதாக ஒரு படையை உருவாக்கியிருந்தால் மாதங்கள் சென்றிருக்கும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பல ஆண்டுகள் குடித்துப் பழகிய ஒருவரை அறையில் விட்டு, இனி ஒரு சொட்டும் இல்லை என்றால், வலிப்பு வந்து உயிர் போகவும் கூடும். போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டோருக்கு மெதடோன் போன்ற மாற்று மருந்து ஒழுங்காகக் கிடைக்காவிட்டால் அவர்கள் அறையை விட்டு வெளியேறிவிடுவர். ஆகவே மருந்தும் ஆலோசனையும் ஹோட்டலுக்கே வர வேண்டியதாயிற்று. குடிகாரனுக்கும் சலுகையா என்று கேட்போர் எங்கும் இருப்பர். அவர் வெளியேறித் திரும்பவும் நாலு பேரோடு படுத்தால் தொற்று யாருக்கு என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. தனி அறையில் தனிமை வாட்டியதால் தொண்டு நிறுவனங்கள் கைத்தொலைபேசிகளை வழங்கின. பேச ஒரு குரல் இருப்பது பலரை அறையில் நிறுத்தி வைத்தது.

எமது வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. இங்கிலாந்தில் வீடற்றவர் ஒருவர் உதவி கேட்டால் வழமையாகப் பல கேள்விகள் எழும். நீ இந்த ஊரவனா? உனக்கு முன்னுரிமைத் தகுதி உண்டா? உன் விசாவில் அரச உதவி பெற இடமுண்டா? மார்ச் மாதக் கடிதத்துக்குப் பின் அக்கேள்விகள் பெரும்பாலும் ஒதுக்கி வைக்கப்பட்டன. கிருமி கடவுச்சீட்டைப் பார்த்துப் பிடிப்பதில்லை அல்லவா? பத்திரமில்லாத குடியேறிகளும் உள்ளே வந்தார்கள். முதலாவது அலை தணிந்ததும் பழைய கேள்விகள் திரும்பின. சில சபைகள் தொடர்ந்து இடம் கொடுத்தன, சில மறுத்தன. பிறைற்றன் நகர சபை சம்பந்தப்பட்ட வழக்கில் 2021 மார்ச்சில் உயர் நீதிமன்றம், பெருந்தொற்றுக் காலத்தில் இப்படியானோருக்கும் தங்க இடம் கொடுக்கச் சபைகளுக்குச் சட்ட அதிகாரம் உண்டு எனத் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் தடுப்பூசி முன்னுரிமையிலும் வீடில்லாதோர் சேர்க்கப்பட்டார்கள். நிரந்தர முகவரி இல்லை என்பது தடையாகக் கொள்ளப்படவில்லை. ஓல்டாம் என்ற ஊர் ஜனவரியிலேயே இதனைத் தொடங்கியிருந்தது.

பலன் என்ன? 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதலாவது அலையில் இந்த நடவடிக்கைகளால் ஏறத்தாழ 21,000 தொற்றுகளும் 266 மரணங்களும் தவிர்க்கப்பட்டன என மதிப்பிட்டது. இது கணித முறையில் செய்த கணிப்பு, எண்ணிப் பார்த்த தொகையல்ல. ஆனால் அரச புள்ளிவிபரமும் அதே பக்கம்தான் சாய்கிறது. 2020இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடில்லாதோர் 688 பேர் இறந்தனர் எனவும், அவற்றில் 13 மரணங்களே கொவிட் சம்பந்தப்பட்டவை எனவும் மதிப்பிடப்பட்டது. ஐந்தில் இரண்டு பங்கு அளவானவை போதைப்பொருளின் நஞ்சால் நேர்ந்தவை. பெருந்தொற்று ஆண்டிலும் அவர்களை அதிகம் கொன்றது கிருமியல்ல.

ஹோட்டல் கதவு என்றைக்கும் திறந்திருக்கவில்லை. வாடகை வீட்டாரை வெளியேற்றுவதற்கு இருந்த தடை 2021 மே முடிவில் நீங்கியது. வாடகைக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை 2020இல் உயர்த்தப்பட்டு, பின் 2024 ஏப்ரல் வரை அதே தொகையில் நிறுத்தப்பட்டது. வாடகையோ நிற்கவில்லை. தெருவில் உறங்குவோர் தொகை 2021இல் 2,440 வரை இறங்கி, 2024இல் 4,667ஆக ஏறியது. பெருந்தொற்றுக்கு முந்திய கணக்கையும் அது கடந்துவிட்டது.

1990இலும் 1995இலும் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் ஆலயங்களும் எமக்குக் கூரையாகின. அன்று அங்கே இத்தகைய நோய் வந்திருந்தால் ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் என்ற கணக்கு எம்மை என்ன செய்திருக்கும்? வெள்ளமோ புயலோ வந்து மறுபடியும் மண்டபங்களில் கூட நேர்ந்தால் எங்களிடம் வெறுமையான ஹோட்டல்கள் இராமற் போகலாம். ஆனால் யன்னல்களை இரவிலும் திறந்து வைக்கலாம். மழையில்லாத நாளில் விறாந்தையிலும் மரநிழலிலும் படுக்கலாம். குடும்பத்துக்குக் குடும்பம் இடைவெளி விடலாம். பக்கத்தில் படுப்பவரின் தலைக்கு நேரே எமது கால் வரும்படி படுத்தால் மூச்சு முகத்தில் படுவது குறையும். நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளரையும் முதியோரையும் கதவுள்ள அறைகளுக்கு முதலில் அனுப்ப வேண்டும்.

கதவுள்ள அறைகள் எங்கே உண்டு என்பது ஆபத்து வந்த பின் தேடும் விடயமல்ல. பங்குப் பணிமனை, தியான இல்லம், பயிற்சி நிலையம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம், ஆசிரியர் விடுதி என்று ஒவ்வொரு கிராமத்திலும் சில உண்டு. மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு கொப்பியில் அவற்றைப் பதியலாம்: எத்தனை அறை, எத்தனை மலசலகூடம், கிணறு எவ்வளவு தூரம், சாவி யாரிடம். குடும்ப அட்டை இல்லாதவர்கள், பதிவு வேறு மாவட்டத்தில் உள்ளவர்கள், தனித்து வாழும் முதியவர்கள் ஆகியோரின் பெயர்களையும் அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, கிராம அலுவலருக்கு ஒரு பிரதி கொடுக்கலாம்.