கடிகாரம் பிடிப்பவருக்கும் ஒரு பக்கம்

பரிசுப் பணம் புழங்காத விளையாட்டில் பாராட்டுதான் கூலி. அதை ஜெயித்தவருக்கு மட்டும் கொடுத்தால் போதுமா? இங்கிலாந்தின் அமெச்சூர் சைக்கிள் உலகம் போதாது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டது. அங்கே 'சைக்கிளிங்' பத்திரிகை 1932-ல் 'கோல்டன் புக்' என்ற கௌரவ ஏட்டைத் தொடங்கியது. ஒருவர் செய்ததை அலங்கார எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவரையே அதில் கையெழுத்துப் போட வைப்பார்கள். முதல் பக்கம் பந்தய வீரர் ஃபிராங்க் சதாலுக்குப் போனது. ஆனால் போட்டி நடத்துபவர்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் அந்த ஏட்டில் இடம் உண்டு. இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது. அந்த விளையாட்டே அவர்கள் தோளில்தான் நிற்கிறது.

அது எப்படி என்பதை அங்கு டைம் டிரயல் பிறந்த கதையே சொல்லும். போலீஸ் கெடுபிடிக்குப் பயந்து, பொதுச் சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த சைக்கிள் சங்கமே தடை செய்தது. அதற்கு மாற்றாக 1895-ல் பிட்லேக் என்பவரின் முயற்சியில் வந்ததுதான் டைம் டிரயல். நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்படுவார்கள். ஒருவர் பின்னால் நின்று சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொள்வார். நேரம் பார்ப்பவர் விநாடிகளை எண்ணி முடித்ததும் பிடித்திருப்பவர் கையை விடுவார். எதிராளி கண்ணில் படாத இந்தப் பந்தயத்தில் கடிகாரம் சொல்வதே தீர்ப்பு. பிட்லேக்கும் மூன்று சக்கர சைக்கிளில் சாதனை படைத்தவர்தான். பிறகு பல ஆண்டுகள் நேரம் பார்க்கும் பொறுப்பில் இருந்தார். 1933-ல் கார் மோதிய காயத்தால் அவர் இறந்ததும், அவர் பெயரில் ஒரு விருது ஏற்பட்டது. சிறந்த சாதனைக்கும் தரலாம், சைக்கிள் உலகுக்குச் செய்த தொண்டுக்கும் தரலாம் என்பது அதன் விதி.

அந்த விருதைப் பெற்ற சைக்கிள் வீராங்கனை பெரில் பர்ட்டனின் கதை சாதனைக்கும் தொண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகிறது. 1967-ல் 12 மணி நேரப் போட்டியில் அவர் 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர் ஓட்டினார். ஆண்களால் அந்தத் தூரத்தை எட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. இவ்வகைப் போட்டியின் கடைசிக் கட்டத்தில் ஒரு சுற்றுப்பாதை நெடுகிலும் நேரம் பார்ப்பவர்கள் நிற்பார்கள். மணி முடியும்போது வீரர் எந்த இருவருக்கு இடையில் இருந்தார் என்று கணக்கிட்டுத்தான் தூரம் முடிவாகும். காலை முதல் மாலை வரை சம்பளமில்லாமல் நின்றவர்கள் இல்லையென்றால், பர்ட்டன் ஓட்டியிருப்பார்; சாதனை என்று ஒன்று இருந்திருக்காது.

ஆசைக்காகச் செய்கிற வேலைக்கு விருது எதற்கு என்று கேட்கலாம். வீரரும் ஆசைக்காகத்தான் ஓட்டுகிறார். அவருக்குக் கோப்பை கொடுக்க நாம் தயங்குவதில்லையே. நாற்காலியை விடாமல் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவருக்கும் சால்வை போர்த்த வேண்டியதுதானா என்பது இதைவிட வலுவான கேள்வி. வருடத்தை மட்டும் எண்ணினால் அப்படித்தான் ஆகும். வேகத்தை அளப்பது சுலபம், தொண்டினை அளப்பது கடினம் என்பதும் உண்மைதான். ஆகவே எத்தனை வருடம் என்பதோடு நிறுத்தாமல், என்ன செய்தார் என்று எழுத வேண்டும்: எந்தப் போட்டியை நிற்காமல் காத்தார், எத்தனை பேருக்கு வேலை பழக்கினார், யாரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஒரு பக்கம் நிரப்ப இவ்வளவும் கிடைத்தால் அவருக்கு விருது தரலாம். பதவிக் காலத்தைத் தவிர எழுத எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு நன்றிக் கடிதமே போதும்.